பிழையாக ஒளிந்தவள்

செங்கமடையில் இருந்த சிடி பிளேயர்கள் எல்லாம் ஒரே நாளில் பிழை திருத்துவதை நிறுத்திக்கொண்டன. அது ஆடிச் செவ்வாய், அம்மன் கொடைவிழா முடிந்து கிடாக்கறி சாப்பிட்டு ஊரே அசந்து கிடந்த மத்தியானம், வெளியூர் விருந்தாளிகள் வீட்டுக்கு வீடு நிறைந்திருந்த நேரம். செங்கமடையில் விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர், அப்புறம் காப்பி, அப்புறம் அந்த வீட்டுக் கல்யாண சிடி, அதைப் பார்க்காமல் யாரும் செருப்பை மாட்ட முடியாது என்பதால், ஏறக்குறைய எல்லா வீட்டு டிவியிலும் யாரோ யாருக்கோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி மேலத்தெருவில் ஓடிய ஒரு சிடியில், தாலி கட்டுகிற இடத்தில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அதுவரை அந்த சிடியில் ஒருநாளும் தென்படாத சீனியம்மாள் வந்து நின்றாள்.

சீனியம்மாள் புருஷனை இழந்தவள். தம்பி மகள் கல்யாணத்தில் பாசம் தாங்காமல் சுவரோரத்திலிருந்து முன்னால் வந்துவிட்டாள், காமிராவில் விழுந்துவிட்டாள், சகுனம் பார்க்கிற சம்பந்தி வீட்டார் முகம் சுளித்ததால் தம்பியே ஸ்டுடியோவுக்குப் போய் அவளை வெட்டச் சொல்லிவிட்டான். இப்போது டிவிக்கு முன்னால் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவளும் அதே சீனியம்மாள்தான். படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பழைய இளமையோடு நிற்க, அவள் மட்டும் இன்றைய முகத்தோடு, போன மாதம் விழுந்த முன்பல் இல்லாத வாயோடு நின்றாள். "ஏ, அது நாந்தாம்லா," என்று சொல்லிவிட்டு மீதிக் காப்பியையும் ஆறுவதற்குள் அவள் குடித்து முடித்தாள்.

காரணம் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்குப் பதில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஞானதுரை ஸ்டுடியோவில் இருந்தது. அங்கே கல்யாணத்தைப் படம் எடுப்பது பாதி வேலை என்றால், எடுத்த கல்யாணத்திலிருந்து ஆளைத் தூக்குவது மறுபாதி. பாகத் தகராறில் பேச்சு அறுந்த மச்சானை, குடித்துவிட்டு மேடையேறிய சித்தப்பாவை, பந்தியில் குறை சொன்ன பெரியம்மாவை, ஓடிப்போன கொழுந்தியாளை, கட்சி மாறிய வட்டச் செயலாளரை, யாரையென்றாலும் வந்து சொல்வார்கள், "அவனத் தூக்கிரு தம்பி, அந்த மூஞ்சி என் வீட்டு டிவியில வரக்கூடாது." செங்கமடையில் ஆளைத் தூக்கச் சொல்லாத குடும்பம் கிடையாது.

தூக்குகிற வேலையைப் பார்த்தவள் பிரமசக்தி, சிவனணைந்த பெருமாளின் மகள். கம்ப்யூட்டர் படித்திருந்தாள், மாப்பிள்ளை அமைகிறவரை சும்மா இருப்பானேன் என்று பெருமாள்தான் அந்த வேலைக்கு அனுப்பினார். வெட்டிய இடமே தெரியாத சுத்தமான கை அவளுக்கு. ஆனால் வெட்டிய ஆளைத் தூர எறிய அந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை. அவள் என்ன செய்தாள் என்பதை அம்மா ஆவுடையம்மாளிடம் ஒரு நாள், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"ம்மா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க ஆள்ட்ட ஒரு சேதி சொல்லுத. நடுவுல பஸ் போவுது, பாதி கேக்காது. அதனால ஒண்ணயே ரெண்டு மூணு விதமா சொல்லுதல்லா? கேட்டத வச்சு கேக்காதத அவிய புரிஞ்சுக்கிடுவாவ. சிடியும் அப்படித்தான். கீறல் விழும், தூசி படியும்னு தெரிஞ்சே படத்தோட கொஞ்சம் உபரி எண்ணும் சேத்து எழுதி வச்சிருக்கும். எங்கயாச்சும் கெட்டுப்போனா பிளேயர் அத வச்சு கணக்குப் போட்டு சரி பண்ணிரும். பாக்குத நமக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி, அதுக்கென்னட்டி இப்ப?"

"நான் வேணும்னே அங்கங்க தப்பு எழுதுதேன். எந்த எடத்துல தப்பு, என்ன தப்புங்கறதுலதான் வெட்டுன ஆள ஒளிச்சு வைக்கேன். பிளேயர் அதத் தூசின்னு நெனச்சுத் தொடச்சிரும். ஆனா ஒவ்வொரு வாட்டியும் தொடைக்கணும்னா, ஒவ்வொரு வாட்டியும் அது அங்கன இருக்கணும்லாம்மா? ரொம்ப எழுதக் கூடாது, அவ்வளவுதான். அளவுக்கு மேல தப்பு சேந்துட்டுன்னா பிளேயரால தாங்க முடியாது, படமே நின்னுரும்."

"வெட்டச் சொன்னவனுக்குத் தெரிஞ்சா வெளக்குமாத்தால அடிப்பான்," என்றாள் ஆவுடையம்மாள். மகள் சிரித்தாள். வெங்காயத்துக்கு இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அண்ணன் பலவேசத்தின் கல்யாணம் நடந்த அடுத்த மாசியில் பிரமசக்தி வீட்டை விட்டுப் போனாள். கூடப் போனவன் கீழத்தெரு முத்துவீரனின் ஒரே மகன். மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருக்காரர்களைத் தொடுவதில்லை, அவர்கள் கையால் தண்ணீர் வாங்குவதில்லை. இதில் பெண் கொடுப்பதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? பெருமாளும் பலவேசமும் ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள், சில நாள் கழித்து வெறும் ஜீப்போடு திரும்பி வந்தார்கள், வந்ததும் இரண்டு பேரும் கிணற்றடியில் வெகுநேரம் குளித்தார்கள். "ஆப்பிடல. எங்கயோ வடக்க போயிட்டா. இனி அவ பேச்சு இந்த வீட்ல கூடாது," என்றார் பெருமாள். பிறகு ஸ்டுடியோவுக்குப் போய் மகன் கல்யாண சிடியிலிருந்து மகளைத் தூக்கச் சொன்னார். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்திருந்த பழைய சிடியை எல்லாம் பலவேசம் மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்ப வாங்கி உடைத்துப் போட்டு, புது சிடியை ஒவ்வொரு வீட்டிலும் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தான்.

அந்த ஆடிச் செவ்வாய் இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் கழித்து வந்தது.

வெட்டுப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஊர் அவர்களுக்குத் தூசியாட்கள் என்று பேர் வைத்தது. உங்க வீட்டு சிடியில எத்தனை தூசி என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டுக்கொண்டார்கள். முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாவது வாரம் கோயிலில் குறி கேட்டார்கள், மூன்றாவது வாரம் பழகிவிட்டார்கள், ஏனென்றால் வந்தவர்கள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை, கல்யாணத்தைக்கூடப் பார்க்கவில்லை, டிவிக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பார்க்கப்பட்டவர்கள்தான் சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் எழுந்து போனார்கள். துபாயில் இருந்த மச்சான் ஒருவன் படத்தில் நரைத்த மீசையும் கண்ணாடியுமாக நின்றான், போன் போட்டுக் கேட்டால் போன வாரம்தான் கண்ணாடி போட்டேன் என்றான், அந்த போனிலேயே பாகத் தகராறு பாதி தீர்ந்தது. மேடையேறிய சித்தப்பா குடியை விட்டிருந்ததால் படத்தில் நேராக நின்றார், அவரைப் பார்க்கவென்றே ஆள் வந்தது. கட்சிக்காரர் ஒருவர் வட்டச் செயலாளரைத் திரும்ப மறைக்க வழி உண்டா என்று கேட்டு வந்து, ஞானதுரை கையை விரித்ததும், வேறு வழியில்லாமல் தானும் அந்தக் கட்சிக்கே போய்விட்டார். தொலைந்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க யாரும் போகாததால் ஜோசியர்களுக்கு வரும்படி குறைந்தது. கல்யாண வீடுகளில் சீனியம்மாளைப் போன்றவர்களை நாற்காலி போட்டு முன்னால் உட்காரவைத்தார்கள். எப்படியும் வந்து நிற்கத்தானே போகிறாள், இப்போதே நிற்கட்டும் என்று.

அப்புறம்தான் திருப்பூர் போன ஒரு பையனின் கதை தெரியவந்தது. அப்பாவோடு சண்டை போட்டுப் போனவன், அக்கா கல்யாண சிடியில் அரும்பு மீசையோடு நின்றான். ஒரு வருஷம் பார்த்தார்கள், மீசை வளரவில்லை. சண்டையில் கிழிந்த சட்டைப் பை கிழிந்தபடியே இருந்தது. விசாரிக்கப் போன அப்பா, பனியன் கம்பெனி விடுதியில் காய்ச்சலில் செத்து யாரும் கேட்காமல் எரிக்கப்பட்டவனின் சாம்பலை வாங்கிக்கொண்டு வந்தார். உயிரோடு இருக்கிற தூசிக்கு வயசாகும், உயிர் போன தூசி போன அன்றைக்கு இருந்தபடியே நிற்கும் என்று அன்றைக்கு ஊருக்கு விளங்கியது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் எத்தனை தூசி என்று விளையாட்டாகக் கேட்கவில்லை.

ஆவுடையம்மாள் மட்டும் மகன் கல்யாண சிடியைப் பார்க்கவில்லை. அந்த முதல் ஆடியிலேயே பெருமாள் வீட்டு பிளேயரைப் பழுது என்று சொல்லிப் பரணில் போட்டுவிட்டார். அவளும் இறக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை ஸ்டுடியோ வாசலில் போய் நின்றாள்.

"ஞானதுர, பிரமு அதுல இருக்காளாடே?"

ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா, நான் அவள வெட்டவே இல்ல. அண்ணாச்சி வந்து சொன்ன அன்னைக்கு கம்ப்யூட்டரத் தொறந்தா, அவளே வெட்டி ரெடியா வச்சிருக்கா. அண்ணன் கல்யாணம், நான் இல்லாததுன்னு பேரு போட்டு. போறதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கா. நான் சிடில ஏத்துனது மட்டுந்தான்."

தன்னை எப்படியும் தூக்குவார்கள் என்று தெரிந்து, மற்றவர்களை ஒளித்த அதே இடத்தில் தன்னையும் ஒளித்துவிட்டுத்தான் மகள் போயிருக்கிறாள். அவளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் பலவேசம். ஆக, ஊரில் எல்லோரும் பிரமுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெற்றவளைத் தவிர. குழாயடிக்கு ஆவுடையம்மாள் வந்தால் பேச்சு நின்றது. அவள் குடத்துக்கு முதலில் இடம் விட்டார்கள். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அவளுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அந்தக் கிண்ணங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள், ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காதவரை மகள் வடக்கே எங்கோ ஒரு ஊரில் பாஷை தெரியாமல் காய்கறி பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

வீடும் அவளுக்கு உதவியது. யாராவது விருந்தாளி தெரியாமல் பிரமு எங்கே என்று கேட்டுவிட்டால், "சூரத்துல இருக்கா" என்பார் பெருமாள். "மாப்பிள்ளைக்குத் துணி மில்லுல வேல" என்பான் பலவேசம். "லீவு கெடைக்கதில்லையாம்" என்று முடிப்பாள் மருமகள் சுபா. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்பினார்கள். கேட்டவருக்கு ஓட்டை எதுவும் தெரியாது. ஆவுடையம்மாளுக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டாள் ஆவுடையம்மாள்.

இப்படியே இன்னும் இரண்டு ஆடி போனது. பலவேசத்துக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த பெண்குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். வாசலடைத்துப் பந்தல், ஒலிபெருக்கி, வெளியூர்ச் சனம். அந்த வீட்டு வழக்கப்படி, காது குத்தி முடித்ததும் அழுகிற பிள்ளையின் வாயில் சர்க்கரையை ஊட்டி அழுகையை நிறுத்த வேண்டியவள் அத்தை, பிள்ளையின் அப்பாவோடு கூடப் பிறந்தவள். "அத்தை வாங்கோ," என்று ஆசாரி கூப்பிட்டார். பெருமாளின் தம்பி மகள் ஒருத்தி, பட்டுச்சேலை சரசரக்க வந்து, ஒரு சிட்டிகை சர்க்கரையை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை அழுகையை நிறுத்தியது. எல்லோரும் சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பந்திக்கு இலை போடச் சொன்னார்கள்.

ஒரு முகமாவது கோணவில்லை. இடம் காலியாகக் கிடந்திருந்தால் ஆவுடையம்மாள் பொறுத்துக்கொண்டிருப்பாள், காலியிடம் யாருக்கோ காத்திருக்கும். இப்படி அடையாளம் தெரியாமல் அடைத்துவிட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சந்தனக் கும்பாவைக் கீழே வைத்துவிட்டு, பந்தலைக் கடந்து, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக்குள் போனாள். சீனியம்மாள் விருந்துக்குப் புறப்பட்டுத் தலையில் பூ இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"மதினி, பலவேசம் கல்யாண சிடியப் போடுங்க."

சீனியம்மாள் அவளை உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. "இன்னைக்கு வேண்டாம் ஆவுட. நல்ல நாளும் அதுவுமா."

"நீங்க பாத்துட்டியல்லா?"

"பாத்தேன்."

"ஊரே பாத்துட்டு."

"பாத்துட்டு. யாரு வாயால சொல்லுவா, சொல்லு. நான் இந்த நாக்க வச்சுக்கிட்டு ரெண்டு வருசமா ஒன் மொகத்துல முழிக்கேன்."

"சொல்ல வேண்டாம். போடுங்க."

டிவியில் நாதஸ்வரம் ஒலித்தது. பலவேசம் மாப்பிள்ளைக் கோலத்தில் அசடு வழிய நின்றான். பன்னீர்ச் செம்போடு, மண்டபத்துத் தூணை ஒட்டி, பிரமசக்தி நின்றாள். மற்ற தூசியாட்களைப் போலவே நேராக வெளியே பார்த்தாள். ஆவுடையம்மாள் டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய அம்மாவுக்கும் அவளுக்கும் அவளுடைய அக்கா தங்கைகளுக்கும் முப்பதுக்கு முன்னாலேயே காதோரம் நரைக்கும், அந்த வம்சத்துப் பெண்கள் ஒருவரும் தப்பியதில்லை. மகளின் காதோரத்தைப் பார்த்தாள். கருகருவென்று இருந்தது. சாயம் பூசியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். முகம் அப்படியே இருந்தது. பிள்ளை பெறவில்லையோ என்னவோ, உடம்பு விடவில்லை என்று சொல்லிக்கொண்டாள். அப்புறம் பன்னீர்ச் செம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே ஒரு கொப்புளம். பலவேசம் கல்யாணத்துக்கு அடுத்த மாசியில், மருமகளின் முதல் மாசிக்கென்று முறுக்கு சுட்டபோது, பிரமு வீட்டை விட்டுப் போவதற்கு முந்தின நாள், எண்ணெய் தெறித்தது. ஆவுடையம்மாள்தான் ஊதி ஊதி மஞ்சள் வைத்தாள். கல்யாணத்தன்று எடுத்த படத்தில் இருக்க முடியாத அந்தக் கொப்புளம், உடையாமல், வற்றாமல், அவள் வைத்த மஞ்சளோடு இருந்தது.

மூன்று நாளில் ஆறியிருக்க வேண்டிய புண். மூன்று நாள்கூட மகளுக்குக் கிடைக்கவில்லை.

ஆவுடையம்மாள் எழுந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தெருவைக் கடந்தாள். பந்தலில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது, பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வரிசை இலைகளுக்கு நடுவே போய் நின்று, கொண்டையை அவிழ்த்துவிட்டு, மண்ணில் உட்கார்ந்து, நெஞ்சில் ஓங்கி அறைந்து அவள் ஒப்பாரியை எடுத்தாள்.

"கொப்புளமும் ஆறலியே என் கண்ணே
கொண்ட மஞ்சள் காயலியே
எண்ண பட்ட கையோட
எந்த மண்ணு மூடிச்சோ"

பாயசக் கரண்டி அப்படியே நின்றது. பலவேசம் ஓடி வந்தான். "அம்மைக்கு சித்தம் கலங்கிட்டு. யாரும் தப்பா நெனைக்காதிய, சாப்பிடுங்க."

"ரெண்டு நாளா தூக்கமில்ல அவளுக்கு," என்றார் பெருமாள்.

இனி சுபா சொல்ல வேண்டிய முறை. இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், இடுப்பில் இருந்த பிள்ளையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள், தலையில் இருந்த மல்லிகைப் பூவைப் பிய்த்துப் போட்டாள், மாமியாரின் தோளில் கை போட்டு உட்கார்ந்து தலையோடு தலை முட்டினாள். செங்கமடையில் ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் கேட்டவள் எவளும் செத்தது யார் என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டாள், முதலில் வந்து கட்டிக்கொள்வாள், அழுது முடித்த பிறகுதான் விவரம். சீனியம்மாள் வந்தாள். சாப்பிட்ட கையைக் கழுவாமலே இலையிலிருந்து பெண்கள் எழுந்து வந்தார்கள். குழாயடிப் பெண்கள், மீன் குழம்பு கொடுத்தனுப்பிய பெண்கள், தலைவிரி கோலமாகத் தெருவிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள், வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது, ஒலிபெருக்கியை யாரோ நிறுத்தினார்கள். அவர்களில் ஒருத்திகூட, அழுதுகொண்டிருக்கும்போதும் சரி, அப்புறமும் சரி, யாருக்காக என்று கேட்கவில்லை.

பந்தல் வாசலில், விருந்தாளிகளைச் சந்தனம் கொடுத்து வரவேற்ற இடத்தில் பெருமாள் நின்றிருந்தார். சாவு விழுந்த துட்டி வீட்டிலும் வீட்டுக்காரன் நிற்கிற இடம் அதுதான். வருகிற ஆண்கள் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் நீட்டுவார்கள், பறிகொடுத்தவன் அந்தக் கையைத் தொட வேண்டும். தொட்டால் ஆமாம், என் வீட்டில் சாவு என்று அர்த்தம். உள்ளூர் ஆண்கள் தூரத்தில் கூடி நின்றார்கள், முதலில் யார் போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் கால் வரவில்லை.

கல்யாண வீட்டுக்கு அழைத்தால்தான் போகலாம், துட்டிக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெருமுனையில் கூட்டம் விலகியது. கீழத்தெரு முத்துவீரன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இந்தத் தெருவில் இதுவரை நடந்திராத காலால் நடந்து வந்தார். அவருடைய மகனை யாரும் எந்தக் கல்யாணத்திலும் படம் எடுத்ததில்லை, அவருக்குப் பார்க்க எந்த சிடியும் கிடையாது. பெருமாளுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

பந்தலுக்குள்ளிருந்து பலவேசம் கத்தினான். "யப்பா, கை குடுக்காதீய! குடுத்தா எல்லாம் முடிஞ்சிரும்!"

எது முடிந்துவிடும் என்று அந்தத் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. பெருமாளுக்கும் கேட்டது. ஆனால் கை அதற்குள் நீண்டிருந்தது. ஒரு வாழ்நாள் முழுக்கத் தொடாத கைகளை அது தொட்டது, தொட்டதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முத்துவீரன் அந்தக் கையை விடவில்லை. கூடவே அவரும் மண்ணில் உட்கார்ந்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"பிள்ளைக ரெண்டும் எந்த எடத்துல கெடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க," என்றார்.